பதினாறு பேர் இறங்கிய பஸ்

வென்னிங்ஃபீல்ட்,
சஃபோக் மாவட்டம்.
ஆகஸ்ட் மாதக் கடைசி சனிக்கிழமை

மாவட்டச் சுற்றுலா வழிகாட்டியின் ஆசிரியர் அவர்களுக்கு,

கார் இல்லாத ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து சேர எது நல்ல வழி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. நான் இடைக்கால வரலாற்றில் பட்டம் பெற்றவள். பதினான்காம் நூற்றாண்டில் ஒரு துறவி இந்த ஊருக்கு எப்படி வந்திருப்பார் என்று கேட்டிருந்தால் அரைமணி நேரம் தடங்கலில்லாமல் பேசுவேன். இன்றைக்கு எப்படி வருவது என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொள்ளத்தான் முடிகிறது.

மற்றபடி, நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே மழை கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர யாருக்கும் குறையில்லை. அடுத்த பதிப்பில் எங்கள் ஊரைப் பற்றி வரப்போகும் குறிப்பை முன்கூட்டியே அனுப்பி, திருத்தம் இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அதே குறிப்பை வெள்ளிக்கிழமையே உங்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டீர்கள் என்பதையும் பார்த்தேன். அதற்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

குறிப்பு இப்படி இருக்கிறது: "கார் இருந்தால் ஒழிய இந்த ஊருக்குச் செல்ல வேண்டாம். சனி, ஞாயிறுகளில் ஒரு பேருந்து உண்டு. அது காலியாகவே ஓடுகிறது. அமைதியை விரும்புவோருக்கு ஏற்ற, ஆளரவமற்ற இடம்."

அந்தப் பேருந்தை ஓட்டுவது நான்தான். சம்பளம் கிடையாது, ஊர்க்காரர்கள் ஐந்து பேர் முறை வைத்து ஓட்டுகிறோம். வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குப் பயன்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மாவட்டப் போக்குவரத்து அலுவலகம் இதை விட்டுவைத்திருக்கிறது. உங்கள் வழிகாட்டியே பயனில்லை என்று அச்சிட்டுவிட்டால் இலையுதிர் காலத்தோடு நிறுத்திவிடுவோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். எங்களில் பெரும்பாலோர் வீட்டில் கார் இருக்கிறது. பஸ் நின்றுபோனால் வருத்தப்படுவோம், பிறகு மறந்துவிடுவோம். வில்ஃப் ஸ்மை என்பவரால் மட்டும் மறக்க முடியாது. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி பெக்கி பக்கத்து ஊரான கெல்ஷமில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சனியும் ஞாயிறும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்து போய், அவரோடு டீ குடித்துவிட்டு, அதே இருக்கையில் திரும்பி வருவார். யாராவது காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று சொல்லிவிடுவார். இந்த மாவட்டத்தில் அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை. பஸ் இருக்கும்வரை அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

ஆகவே உங்கள் நிருபர் திரு. ஃபேன்ஷா போன சனிக்கிழமை என்ன பார்த்தார், எதனால் அப்படிப் பார்த்தார் என்பதை விளக்கவேண்டியிருக்கிறது.

அவர் வருவது யாருக்கும் தெரியக்கூடாது என்பது உங்கள் ஏற்பாடு. ஆனால் அவர் முன்கூட்டியே எங்கள் பப்புக்குத் தொலைபேசி செய்து, வழிகாட்டிக்காக ரகசியமாக வருகிறேன், சாப்பிட ஒரு மேசை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். மேசை இல்லாமல் போய்விட்டால் கடைக்காரருக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர். அன்று சாயங்காலமே பஸ் கமிட்டி கூடியது.

தலைவி மார்ஜரி கெர்ரிட்ஜ். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆட்களை உட்காரவைப்பதில் அவருக்கு இன்னும் அதிகாரம் குறையவில்லை. அவர் திட்டம் எளிமையானது. சனிக்கிழமை பஸ்ஸில் ஊரே ஏறிவிட வேண்டும். பதினாறு இருக்கை, பதினாறு பேர். அந்த மனிதர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

இது ஏமாற்று வேலை என்றேன். வழக்கமாக மூன்று பேர்தான் வருகிறார்கள், மூன்று பேர் என்றே அவர் எழுதட்டும் என்றேன்.

"ஃபிரான்சஸ், நீ படிச்சவ, உனக்கு உண்மை போதும். எங்களுக்கு பஸ் வேணும்மா" என்றார் மார்ஜரி.

வில்ஃப் மட்டும், "நான் எப்பவும் போறவன்தானே. நான் நடிக்க வேண்டியதில்லையே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். தேவையில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

எங்கள் ரயிலைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கவேண்டும். எங்களுடையது கேட்டால்தான் ரயில் நிற்கும் நிலையம். நடைமேடையில் நிற்பவர் கையை நீட்ட வேண்டும். ரயிலுக்குள் இருப்பவர் கார்டிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தேவையில்லாமல் யாருக்காகவும் நிற்காத, தேவைப்பட்டால் ஒரே ஒரு ஆளுக்காகவும் நிற்கிற ரயில் வேறு எத்தனை இடத்தில் இருக்கிறது? திரு. ஃபேன்ஷா இதை அறிந்தேதான் ஏறியிருக்கிறார். ஆனால் சொல்லவேண்டிய நேரத்தில் கார்டு சாண்ட்விச் சாப்பிட ஆரம்பித்திருந்தாராம். சாப்பிடுகிற மனிதரை எப்படித் தொந்தரவு செய்வது என்று இவர் பேசாமல் நின்றிருக்கிறார். கார்டு நிமிர்ந்து பார்த்து, ஏதாவது வேணுமா சார் என்று கேட்டும், ஒன்றுமில்லை, நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் நிலையம் ஜன்னலில் வந்து, போய்விட்டது. நடைமேடையில் அவரை வரவேற்க (தற்செயலாக நிற்பது போல) நின்றிருந்த மார்ஜரி, முதல் வகுப்பில் ஒரு மரியாதையான முகம் கவலையோடு தன்னைக் கடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார். இதில் ரயிலின் குற்றம் எங்கே இருக்கிறது?

அடுத்த நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரை வழியாகத் திரும்பி நடந்து வந்திருக்கிறார். அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். பாதகமில்லை, எங்களிடம் தோணி இருக்கிறது. அக்கரையில் ஒரு கம்பத்தில் வெள்ளை அடித்த மட்டை ஒன்று தொங்கும். அதை எடுத்து ஆட்டினால் இக்கரையிலிருந்து டெரெக் பொரெட் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்வார். எந்திரம் இல்லை, முன்பதிவு இல்லை, கைபேசிச் செயலி இல்லை. உங்கள் வழிகாட்டியில் ஒரு முழுப் பக்கமே கொடுக்கலாம்.

திரு. ஃபேன்ஷா மட்டையை எடுத்து ஆட்டினார். அன்று காலைதான் மார்ஜரி டெரெக்கைப் பிடித்து, வெளியாட்களைப் பார்த்தால் உர்ரென்று இருக்காதே, ஒரு தடவையாவது சிரி, கையை ஆட்டு என்று பாடம் நடத்தியிருந்தார். டெரெக் எழுந்து நின்று கையை ஆட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து பப் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் ஆட்டினார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிப்பிடித்து அதன் கையையும் ஆட்டினார்கள். திரு. ஃபேன்ஷாவுக்கு மறுபடி ஆட்டாமல் இருக்க முடியுமா? அவர் ஆட்ட, இவர்கள் ஆட்ட, கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் நான் போய் டெரெக்கிடம், அவரைப் போய் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று.

"எனக்கும் தெரியும் அம்மா, நான் என்ன மரமண்டையா?" என்றார் டெரெக். "அந்த ஆளு ஆட்டறத நிறுத்தட்டும்னு பாத்துட்டு இருந்தேன். பாதியில நான் நிறுத்தினா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுமே."

எங்கள் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவது; அதற்குள் நீர் வடிந்துவிட்டது. நீர் வடிந்தால் இக்கரையில் படிக்கட்டுக்கு முன்னால் சேறு. உங்கள் நிருபர் முழங்கால்வரை இறங்கினார். ஒரு காலணியை ஆறு வைத்துக்கொண்டது. அவர் அதைப் பற்றி ஒரு முறையீடும் செய்யவில்லை, சேறு ரொம்ப மென்மையாக இருக்கிறது என்றுதான் சொன்னார். பப்பில் அவருக்குப் பொருந்துகிற மாதிரி ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார்கள். இரண்டும் இடது காலுக்கானவை. அதையும் அவர் எழுதவில்லை. அவர் நாகரிகத்தை நான் குறைசொல்லவில்லை. அவருக்குச் சமமான ஆட்கள் இங்கே பதினாறு பேர் இருந்ததுதான் சிக்கல்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். புல்வெளியின் ஓரத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது, நான் ஓட்டுநர் இருக்கையில். பதினாறு இருக்கையும் நிறைந்திருந்தது, சத்தியமாக. மார்ஜரி தொப்பி வைத்திருந்தார். சிலர் எங்கேயோ போகிறவர்கள் போலத் தெரியவேண்டும் என்று காலிப் பெட்டியெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். வில்ஃப் தன்னுடைய வழக்கமான இருக்கையில், பெக்கிக்கு வாங்கிய திராட்சைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. எல்லோரும் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார், இரண்டு இடது கால்களோடு. படியில் ஏறி உள்ளே பார்த்தார். வாயைப் பிளக்கவில்லை. "ஓ, மன்னிக்கணும். இடமில்ல போலிருக்கே. பரவால்ல, நான் நடந்தே போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவர் வந்து பஸ் நிரம்பியிருப்பதைப் பார்க்கவேண்டும் என்று யோசித்த கமிட்டி, அப்புறம் அவர் எங்கே உட்காருவார் என்பதை யோசிக்கவில்லை. நானும்தான். பட்டம் வாங்கியவள்.

நின்றுகொண்டு வர எங்கள் பஸ்ஸில் அனுமதி இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். முதலில் எழுந்தவர் வில்ஃப். அந்த பஸ்ஸில் உண்மையிலேயே போகவேண்டியிருந்த ஒரே மனிதர் அவர்தான். அவர்தான் முதலில் எழுந்தார். "வாங்க சார், இங்க உக்காருங்க. நான் நாளைக்குப் போய்க்கறேன்."

வில்ஃப் எழுந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பின்னால் இருந்தவர் பதறிப்போய் எழுந்தார், வில்ஃப் நீங்க உட்காருங்கள் என்று. அவர் எழுந்துவிட்டாரே என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். ஓர் ஆள் எழுந்தால் போதும், ஒரே ஓர் ஆள். ஆனால் அடுத்தவர் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்கிற ஆளாக யாரும் இருக்க விரும்பவில்லை. நடுவழி நெரிசலாகிவிட்டது. உள்ளே நிற்க அனுமதி இல்லாததால் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலிப் பெட்டிகளும் இறங்கின. கடைசியாக மார்ஜரி. இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் தான் போட்ட திட்டத்தைத் தானே உடைக்கிற ஒரு தளபதியின் வேதனை இருந்தது, ஆனாலும் இறங்கினார். பிறகு புல்வெளியில் நின்றுகொண்டு, நீங்க ஏறுங்க, ஐயோ நீங்க முதல்ல, இல்லையில்லை நீங்கதான் என்று ஒருவரையொருவர் கெஞ்ச ஆரம்பித்தார்கள். முதல் ஆளாக ஏறுகிறவர் மற்ற பதினைந்து பேரையும் தள்ளிவிட்டு ஏறியவர் ஆகிவிடுவார் இல்லையா?

நான் காத்திருந்தேன். புறப்படவேண்டிய நேரம் தாண்டியது. தாமதமாகக் கிளம்பினால் அதுவும் போக்குவரத்து அலுவலகத்தின் கணக்கில் ஏறும். "வில்ஃப், நீங்களாவது ஏறுங்க" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"இவங்கல்லாம் நிக்கறப்ப நான் எப்படிம்மா ஏறுவேன்? நீ கிளம்பு. பெக்கி இந்நேரம் தூங்கிட்டு இருப்பா." திராட்சைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, இல்லத்தில் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். பெக்கி தூங்கவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெல்ஷம்வரை திரு. ஃபேன்ஷாவும் நானும்தான். பாதி வழியில் அவர் கேட்டார், எப்பவும் இப்படித்தான் காலியா இருக்குமா என்று. நான் இல்லை என்றேன். ஓட்டுநர் என்ற முறையில் விளக்கம் சொல்வது பீற்றிக்கொள்வது போல இருக்கும் என்று அதோடு விட்டுவிட்டேன். அவர் தலையை ஆட்டி, எதையோ குறித்துக்கொண்டார். காலி பஸ்ஸை ஓட்டுகிற பெண்மணி வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவர் கண்ணால் கண்டது அதுதான். ஆனால் ஐயா, அவர் எதற்காகத் தனியாக உட்கார்ந்து வந்தார் என்பதுதான் எங்கள் ஊர். அவர் அதை எழுதவேயில்லை.

நான் சுலபமாகப் பெருமைப்படுகிறவள் அல்ல. எங்கள் சர்ச் வாடகைக்கு விடும் சைக்கிள்களில் ஒரு பக்கம் மட்டுமே பிரேக் பிடிக்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான். எங்கள் ஒரே டாக்ஸிக்காரர் கீத், திருமணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் தவிர வேறெதற்கும் கிளம்புவதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். டெரெக் பொரெட்டின் வயல் வழியாக நடந்து வரலாம், அங்கே ஒரு காளை இருக்கிறது, அது சாது என்று பொரெட் சொல்கிறார், காளை எதுவும் சொன்னதில்லை. ஆனால் போன சனிக்கிழமை கண்ணாடியில் பின்னால் பார்த்தபோது, பெட்டியும் தொப்பியுமாக அந்தப் பதினாறு பேரும் புல்வெளியில் நின்று, தங்களைத் தோற்கடித்துவிட்டுப் போகிற பஸ்ஸுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் இதைவிட அதிகமாக உணர்ச்சிவசப்பட மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கை: "காலியாகவே ஓடுகிறது" என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். "ஆளரவமற்ற" என்ற சொல்லையும். அதற்குப் பதிலாக, ரயிலும் தோணியும் பஸ்ஸும் உள்ள ஊர், கார் தேவையில்லை, வந்தால் இடம் கொடுப்பார்கள் என்று போடுங்கள். வில்ஃபுக்காகக் கேட்கிறேன். அவர் கேட்கமாட்டார்.

உங்கள் வழிகாட்டி நீண்ட காலம் நிலைக்கவும், திரு. ஃபேன்ஷாவின் கால்கள் உலரவும் எங்கள் கமிட்டியின் வாழ்த்துகள். அவருடைய காலணி கிடைத்துவிட்டது. டெரெக் கழுவிக் காயவைத்திருக்கிறார். தனியே அனுப்புகிறோம்.

மரியாதையுடன்,
ஃபிரான்சஸ் ஆல்டஸ்
செயலாளர், வென்னிங்ஃபீல்ட் ஊர்ப் பஸ் கமிட்டி

பின்குறிப்பு, ஞாயிறு மாலை.

தபால்பெட்டியில் போடுவதற்கு முன் இதைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. மேலே கேட்ட திருத்தம் எதுவும் வேண்டாம். உங்கள் குறிப்பு இருப்பது போலவே அச்சாகட்டும். குறிப்பாக "ஆளரவமற்ற" என்ற சொல்லைத் தொடவேண்டாம்.

இன்று காலை தேவாலய மணி அடித்து முடிவதற்குள் கார்கள் வர ஆரம்பித்தன. விடுமுறை ஞாயிறு, நல்ல வெயில். உங்கள் இணையப் பக்கத்தைப் படித்துவிட்டு, யாருமில்லாத இடத்தில் அமைதியாக உட்காரலாம் என்று மாவட்டம் முழுவதிலிருந்தும் கிளம்பி வந்துவிட்டார்கள். கார் இல்லாமல் வரவேண்டாம் என்று நீங்கள் எச்சரித்திருந்ததால் எல்லோரும் காரில். புல்வெளியைச் சுற்றி, பப் முன்னால், சந்து முழுக்க, பிறகு எங்கள் வீட்டு வாசல்களை அடைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். மார்ஜரியின் வாசலில் இரண்டு. எடுக்கச் சொல்லலாமே என்றேன். "பாவம், இப்பதான் பிளாஸ்கைத் தொறந்திருக்காங்க" என்றார். அவருக்கோ கெல்ஷமில் மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. ஊரில் பாதிப் பேருக்கு இன்று கெல்ஷமில் ஏதாவது ஒரு வேலை. யாருடைய காரையும் வெளியே எடுக்க முடியவில்லை.

பஸ்ஸை ஊருக்கு வெளியே பொரெட்டின் கொட்டகையில்தான் நிறுத்துகிறோம் என்பதால் அது மாட்டவில்லை. அங்கேயே வந்து ஏறிக்கொண்டார்கள். வில்ஃப் எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மார்ஜரி, பிறகு மற்றவர்கள், சர்ச்சுக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் போடுகிற ஞாயிற்றுக்கிழமை உடையில், இந்த முறை பெட்டிகளில் சாமான் இருந்தது. பலருக்கு எங்கே உட்கார்ந்தால் காலுக்கு இடம் இருக்கும் என்பதே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் இந்த பஸ்ஸில் எங்கேயும் போனதில்லை. பதினாறு இருக்கையும் நிறைந்தது. ஒருவரும் இறங்கவில்லை. திரும்பி வரும்போதும் நிறைந்தே வந்தது. அலுவலகத்துக்கு அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் குறிப்பைப் படித்து இன்னும் கார்கள் வரட்டும்; இந்தக் கணக்கு இருக்கும்வரை நீங்கள் என்ன அச்சிட்டாலும் பஸ்ஸை நிறுத்துவது அவர்களுக்குக் கடினம்.

கெல்ஷமில் நிறுத்தம் இல்லத்துக்கு நேர் எதிரே. பெக்கி ஜன்னலில் இருந்தார். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஊரே பஸ்ஸிலிருந்து வரிசையாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, வில்ஃப் உள்ளே நுழைந்ததும் கேட்டாராம், "யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல பெக்கி. எல்லாரும் பஸ்ல வந்திருக்காங்க" என்றாராம் வில்ஃப்.

பெக்கி நம்பவில்லை. எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, நல்லா இருக்காங்களா என்று கேட்டிருக்கிறார். டீ ஆறிவிட்டதாம்.